ஆய்வேட்டில் "நடை சரியில்லை" என்றால் எதைத் திருத்துவது?

மழைவண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சமூகவியலில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில். மூன்றாம் இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். ஓரத்தில் "நடை சரியில்லை, ஆய்வு நடையில் எழுதவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. எந்த வரி, என்ன கோளாறு என்று எதுவும் இல்லை. ஒரு பத்தியை இங்கே ஒட்டுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

> தற்கால நவீன உலகில் கைபேசி என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது என்றால் அது மிகையாகாது. இத்தகைய சூழலில் ஆய்வாளரால் விடுதி மாணவர்கள் 120 பேரிடம் வினாநிரல் வாயிலாகத் தரவுகள் சேகரிக்கப்பட்டு, அத்தரவுகள் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டதில், இரவில் அலைபேசி பயன்படுத்துவதால் மாணவர்களின் உறக்கம் பாதிக்கப்படுகிறது என்பது உள்ளங்கை நெல்லிக்கனி போல் நிரூபணமாகிறது. இது மிகவும் குறிப்பிடத்தக்கது ஆகும்.

நூலகத்தில் நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. இது ஆய்வு நடை இல்லை என்றால் வேறு எதுதான் ஆய்வு நடை?

---

கரிக்கோல்

முதல் வாக்கியத்தை யோசிக்காமல் அடித்துவிடுங்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு யாருடைய ஆய்வேட்டிலாவது வைத்துப் பாருங்கள். கைபேசி பற்றிய எந்த ஆய்விலும், பொருளியலோ உளவியலோ, கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அப்படி எங்கும் உட்காரும் வாக்கியம் உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"தற்கால", "நவீன" இரண்டும் ஒன்றேதான். "மிகையாகாது" என்று எழுதுகிற இடத்தில் பெரும்பாலும் மிகைதான் இருக்கும்.

---

ஓரப்பார்வை

கரிக்கோல் சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வேட்டைப் படித்து மதிப்பெண் போடப்போவது இந்தக் குழு அல்ல. ஒரு துறைக்கு ஒரு மரபு இருக்கும். "ஆய்வாளரால் சேகரிக்கப்பட்டு" என்பதில் என்ன தவறு? "நான் சேகரித்தேன்" என்று எழுதினால் புறத் தேர்வாளர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறாயா என்று கேட்பார். ஆய்வில் எழுதுகிறவர் முன்னால் வந்து நிற்கக்கூடாது என்பதுதான் விதி. நெறியாளர் குறிப்பிட்டது இந்தப் பத்தியையே அல்ல, வேறெங்கோ பேச்சு வழக்கு நுழைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

---

இரண்டாம்பிரதி

ஓரப்பார்வை, அந்த விதியை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அது எங்கும் பொதுவான விதி இல்லை. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்த வாட்சன், கிரிக் இருவரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை "நாங்கள்" என்றுதான் தொடங்குகிறது. உளவியலிலும் சமூக அறிவியலிலும் பரவலாகப் பின்பற்றப்படும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. நீங்கள் செய்ததைத் தன்மையில் (நான், நாங்கள் என்று) சொல்லுங்கள், உங்களையே "ஆய்வாளர்" என்று மூன்றாம் மனிதர்போல் குறிப்பிடாதீர்கள் என்பதுதான் அதன் அறிவுரை. காரணமும் எளிது. ஓர் இயலில் பத்து ஆய்வாளர்களின் பெயர் வருகிறது. நடுவில் "ஆய்வாளர் கருதுகிறார்" என்று வந்தால் எந்த ஆய்வாளர்? எழுதுகிறவரா, போன பத்தியில் மேற்கோள் காட்டப்பட்டவரா? வாசகர் திரும்பிப் போய்த் தேட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, அதைத்தான் நாம் பயன்படுத்துவதே இல்லை. வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடும். "120 பேரிடம் கேட்டேன்" என்றால் போதும், "நான்" எழுத வேண்டியதே இல்லை. யார் செய்தது என்பதும் தெளிவு, எழுதுகிறவர் மேடையேறி நிற்கவும் இல்லை. இப்படி ஒரு வழி இருக்க, "ஆய்வாளரால் ... சேகரிக்கப்பட்டு ... உட்படுத்தப்பட்டதில்" என்று சுற்றி வளைப்பது எதற்கு?

இன்னொன்று, இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில்தான் வரும். வாசகர் அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டு வர வேண்டும். உங்கள் இரண்டாம் வாக்கியத்தில் ஆய்வாளர், மாணவர், வினாநிரல், தரவு, பகுப்பாய்வு, அலைபேசி, உறக்கம், நெல்லிக்கனி அத்தனையையும் கடந்து கடைசியில் "நிரூபணமாகிறது". அதற்குள் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. எப்படிச் சேகரித்தீர்கள், என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள்? பிரித்துவிடுங்கள்.

---

தேன்சிட்டு

"நாங்கள்" என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜாக் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1975இல் ஒரு கட்டுரை எழுதி முடித்தார். முழுக்க "நாங்கள்" என்று எழுதியிருந்தார், ஆனால் ஆசிரியர் அவர் ஒருவர்தான். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் அந்த ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிடும் என்று சக பேராசிரியர் சொன்னார். தட்டச்சு காலம், முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். மனிதர் தன் வீட்டுப் பூனையை இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப். டி. சி. வில்லார்ட் என்று கௌரவமான பெயர். கட்டுரை பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளியானது!

---

கரிக்கோல்

😄 2023இல் நேச்சர் இதழ், சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியராகச் சேர்க்கக்கூடாது, எழுதியதற்கு அவற்றால் பொறுப்பேற்க முடியாது என்று அறிவித்தது. பூனைக்குக் கிடைத்த இடம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

---

இரண்டாம்பிரதி

பூனை இருக்கட்டும். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது, ஏனென்றால் நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு. "நாங்கள் அளந்தோம்" என்றால் ஆய்வுக் குழு. "நாம் முன்பே பார்த்தோம்" என்றால் வாசகரையும் சேர்த்து. ஒரே ஒருவர் எழுதும் ஆய்வேட்டில் "நாம் தரவு சேகரித்தோம்" என்று வரும்போது வாசகரும் விடுதி விடுதியாக அலைந்தாரா என்ற கேள்வி எழுகிறது. தனியாகச் செய்ததற்கு "கேட்டேன்" என்பதில் வரும் "-ஏன்" விகுதி, குழுவாகச் செய்ததற்கு "நாங்கள்", வாசகரைக் கூட்டிப் போகும் இடத்தில் மட்டும் "நாம்". இவ்வளவுதான்.

---

புள்ளிக்கணக்கு

நடை நடை என்று எல்லோரும் ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு: "நிரூபணமாகிறது".

மழைவண்டு, நீங்கள் 120 பேரிடம் ஒரு முறை கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதற்கு அவர்களே சொன்ன பதில்தான் தரவு, யாரும் கடிகாரம் வைத்து அளக்கவில்லை. சரிதானே? அப்படியானால் உங்களிடம் இருப்பது, அதிகம் கைபேசி பார்த்ததாகச் சொன்னவர்கள் குறைவாகத் தூங்கியதாகவும் சொன்னார்கள் என்பது மட்டும்தான். இதிலிருந்து "பயன்படுத்துவதால் பாதிக்கப்படுகிறது" என்ற இடத்துக்கு ஒரே தாவாகத் தாவியிருக்கிறீர்கள். அந்த "-ஆல்" என்ற ஓர் உருபு காரண காரிய உறவையே உள்ளே கொண்டுவந்துவிட்டது. தூக்கம் வராதவர்கள் பொழுது போகாமல் கைபேசியை எடுத்திருக்கலாம் அல்லவா? தேர்வு நெருங்கும் பதற்றம் இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

ஆய்வு நடை என்பதில் பாதி இதுதான் என்பேன். தரவு தாங்கும் அளவுக்கு மட்டுமே வினைச்சொல் பேச வேண்டும். "நிறுவுகிறது" என்பதைக் கணிதத்துக்கு விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே "காட்டுகிறது", "உணர்த்துகிறது", "என எண்ண இடம் தருகிறது", "இருக்கக்கூடும்" என்று தமிழில் படி படியாக இறங்கிவர எத்தனையோ வழி உண்டு. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். "என்பதில் ஐயமில்லை", "வெள்ளிடைமலை", "நெல்லிக்கனி" எல்லாம் சான்று பலவீனமான இடத்தில் குரலை உயர்த்துகிற வேலை. சான்று வலுவாக இருந்தால் அவை தேவைப்படாது.

எதிர்ப்பக்க நோயும் உண்டு. "இருக்கலாம் எனக் கருத இடமுண்டு எனலாம்" என்று ஒரு வாக்கியத்தை அண்மையில் படித்தேன். ஒரே கூற்றுக்கு மூன்று பாதுகாப்பு. ஐயத்தை ஒரு முறை சொல்லுங்கள், எதில் ஐயம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம் கடைசி வாக்கியம், "இது மிகவும் குறிப்பிடத்தக்கது ஆகும்." புள்ளியியல் சோதனை செய்த இயலில் இந்தச் சொல் ஆபத்து. புள்ளியியல் நோக்கில், உண்மையில் தொடர்பே இல்லை என்றால் இப்படியொரு முடிவு தற்செயலாக வருவது அரிது என்கிறீர்களா, கவனிக்க வேண்டியது என்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதைச் சொல்லியிருக்கிறது: பி மதிப்பு (அது எவ்வளவு அரிது என்று காட்டும் எண்) விளைவின் அளவையோ முடிவின் முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை. சோதனை முடிவைச் சொல்லும்போது "புள்ளியியல் நோக்கில்" என்று சேர்த்து எழுதுங்கள். மற்ற இடங்களில் அந்தச் சொல்லே வேண்டாம்.

---

ஓரப்பார்வை

புள்ளிக்கணக்கு சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் செயப்பாட்டு வினையை மொத்தமாகத் துரத்துவதை ஏற்க முடியாது. "மாதிரிகள் 4 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்டன." இதில் வைத்தது யார் என்பது யாருக்கு வேண்டும்? வேதியியல், உயிரியல் ஆய்வுமுறைப் பகுதிகளில் பொருள்தான் முக்கியம், கை முக்கியமில்லை. அங்கே ஒவ்வொரு வரியிலும் "வைத்தேன், கலக்கினேன், வடிகட்டினேன்" என்று எழுதினால் சமையல் குறிப்பு வாசனை அடிக்கும்.

---

இரண்டாம்பிரதி

அந்த இடத்தில் நானும் "வைக்கப்பட்டன" என்றுதான் எழுதுவேன். ஆளுக்கு வேலை இல்லாத இடத்தில் செயப்பாட்டு வினை சரி. முடிவெடுத்தது யார் என்பது தெரிய வேண்டிய இடத்தில்தான் அது மறைப்பாகிறது. "ஏழு வினாத்தாள்கள் நீக்கப்பட்டன" என்று வந்தால் நான் உடனே கேட்பேன்: யார் நீக்கியது, எதற்காக? "பாதிக்கு மேல் விடையில்லாத ஏழு வினாத்தாள்களை நீக்கினேன்" என்றால் பொறுப்பும் காரணமும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன.

"பட்டது" எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது "மேற்கொள்ளப்பட்டது". ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, நேர்காணல் மேற்கொள்ளப்பட்டது, ஒப்பீடு மேற்கொள்ளப்பட்டது. ஆய்ந்தேன், நேர்கண்டேன், ஒப்பிட்டேன் என்று நல்ல வினைகள் இருக்கும்போது அவற்றைப் பெயராக்கிவிட்டு, பின்னால் ஓர் உயிரற்ற வினையைக் கட்டுகிறோம்.

---

பழைய_உரை

தாமதமாக வருகிறேன். நீங்கள் பேசுவதில் பாதியை நம் ஆட்கள் எப்போதோ பேசி வைத்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் வருகின்றன. அவற்றைப் பள்ளியிலேயே உருப்போட்டிருப்போம். மழைவண்டின் முதல் வாக்கியம் "நின்று பயனின்மை". முடிவுரை இயல்கள் பல "சென்று தேய்ந்து இறுதல்", அதாவது ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, ஒன்றுமில்லாமல் முடிவது.

ஆனால் எனக்கு அதைவிடப் பயன்பட்டது அதே பாயிரத்தின் எழுவகை மதம். ஒரு நூலாசிரியன் பிறர் கருத்துகளின் முன் எப்படியெல்லாம் நிற்கலாம் என்ற பட்டியல் அது. பிறர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளலாம்.

இப்போது உங்கள் "முன்னாய்வுகள்" இயலைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த வரையில் அந்த இயல் ஒரு வருகைப் பதிவேடுபோல் இருக்கும். இன்னார் இந்த ஆண்டில் இதை ஆய்ந்தார், இன்னார் இந்த ஆண்டில் அதை ஆய்ந்தார், என்று பக்கம் பக்கமாக. எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது. ஒவ்வொரு முன்னாய்வுக்கும் பக்கத்தில் பென்சிலால் இந்த ஏழில் எது என்று குறித்துப் பாருங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் அந்த ஆய்வு உங்கள் இயலில் எதற்கு இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

உரையாசிரியர்களும் இதைச் செய்தவர்கள்தான். "என்பாரும் உளர்" என்று மாற்றுரையைப் பதிவு செய்துவிட்டு, அது ஏன் பொருந்தாது என்று ஓரிரு வரியில் முடித்துவிடுவார் பரிமேலழகர். திட்டமாட்டார், சுற்றமாட்டார். அவரிடம் இன்று நாம் பின்பற்றக் கூடாதது ஒன்றுதான். அப்படிச் சொன்னவர் யார் என்று பெரும்பாலும் பெயர் சொல்வதில்லை. இன்றைய ஆய்வேட்டில் "சிலர் கூறுவர்" என்று எழுதினால் யார், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

---

ஒற்றெழுத்து

சிறு விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கைபேசி என்று தொடங்கி அடுத்த வாக்கியத்தில் அலைபேசி ஆகிவிட்டது. வேறொரு பக்கத்தில் செல்பேசியும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று சொல்லித்தந்தார்கள், அது அங்கே சரி. ஆய்வேட்டில் ஒரு பொருளுக்கு ஒரு சொல். சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டதோ என்று வாசகர் நினைப்பார். குறிப்பாகத் "தூக்கத்தின் நேரம்", "தூக்கத்தின் தரம்" இரண்டையும் அளந்திருந்தால், வெறும் "உறக்கம்" என்று எழுதுவது எதைக் குறிக்கிறது?

எதற்கெடுத்தாலும் "மற்றும்" வேண்டாம். "வயதும் பாலினமும்" என்று "உம்" போட்டால் தமிழ் தானாக ஓடும்.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பார்த்து ஒற்றுப் போடுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் ஒரு முறை கொடுத்து வாங்குங்கள். நடை நன்றாக இருந்தும் பக்கத்துக்குப் பத்து ஒற்றுப்பிழை இருந்தால் தேர்வாளர் அதைத் தாண்டி உள்ளே போகமாட்டார்.

---

மழைவண்டு

நன்றி, நன்றி. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.

> விடுதி மாணவர்கள் 120 பேரிடம் வினாநிரல் கொடுத்து, முந்தைய வாரத்தில் படுக்கும் முன் நாள்தோறும் எவ்வளவு நேரம் கைபேசி பார்த்தார்கள், எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்ததாகச் சொன்னவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்கியதாகவும் சொன்னார்கள் (அட்டவணை 3.2). கைபேசி தூக்கத்தைக் குறைக்கிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். தூக்கம் வராதவர்கள் கைபேசியை எடுக்கிறார்கள் என்ற விளக்கமும் இத்தரவுக்குப் பொருந்துகிறது. ஒரு முறை மட்டும் கேட்ட இந்த வினாநிரலைக் கொண்டு இவற்றில் எது சரி என்று பிரித்தறிய முடியாது.

ஒரு பயம். இப்படி எழுதினால் என் ஆய்வு மிகச் சிறியதாகத் தெரிகிறதே?

---

புள்ளிக்கணக்கு

ஆய்வு அதே அளவுதான், முன்பு ஊதியிருந்தது. இப்போது உங்களுக்கு அடுத்த ஆய்வுக்கான கேள்வியும் கிடைத்திருக்கிறது, கவனித்தீர்களா? அதே மாணவர்களைப் பல வாரங்கள் தொடர்ந்து பார்த்தால் எது முன்னால் நடக்கிறது என்று தெரியவரும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்பார்கள், விடை கையில் இருக்கிறது.

ஒரு குறை. "குறைவாக" என்றால் எவ்வளவு குறைவாக? அந்த எண்ணை வாக்கியத்திலேயே எழுதுங்கள். அட்டவணை சான்றுக்கு, வாக்கியம் செய்திக்கு. வாசகரை அட்டவணைக்கு ஓடவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

---

ஓரப்பார்வை

இது நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "கேட்டேன்" விஷயத்தில் ஒன்று செய்யுங்கள் தம்பி (தங்கை என்றால் மன்னிக்க). உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிமுறைக் கையேட்டை எடுத்துத் தன்மையில் எழுதலாமா என்று பாருங்கள். கூடாது என்று எழுதியிருந்தால் வம்பு வேண்டாம். முன்னுரையில் "இவ்வேட்டில் ஆய்வாளர் என்பது இதை எழுதியவரைக் குறிக்கும்" என்று ஒரு வரி போட்டுவிட்டு "ஆய்வாளர் கேட்டார்" என்று எழுதுங்கள். அப்போதும் "ஆய்வாளரால் கேட்கப்பட்டது" வேண்டாம். இதை நானே சொல்கிறேன்.

---

மழைவண்டு

தங்கைதான் அண்ணா, பரவாயில்லை. கையேட்டில் பார்த்தேன், எழுத்துரு அளவும் ஓர இடைவெளியும்தான் இருக்கின்றன, தன்மை பற்றி ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு கேள்வி. முன்னாய்வுகளைச் சொல்லும்போது "கூறுகிறார்" என்பதா, "கூறினார்" என்பதா? ஒரே பத்தியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

---

பழைய_உரை

அவர் செய்த வேலை நடந்து முடிந்தது: "300 பேரிடம் கேட்டார்", "இரண்டு ஊர்களை ஒப்பிட்டார்". அவர் நூலில் நிற்கும் கருத்து இன்றும் நிற்கிறது: "வாதிடுகிறார்", "என்கிறார்". இந்தப் பிரிவை வைத்துக்கொண்டால் ஒரே பத்தியில் இரண்டு காலமும் வரலாம், குழப்பம் இருக்காது.

எல்லாருக்கும் "கூறுகிறார்" போடாமல், உண்மையில் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். மறுக்கிறாரா, ஐயப்படுகிறாரா, வரையறுக்கிறாரா, அளந்து காட்டுகிறாரா? அந்த வினையை எழுதினாலே அவருடைய நிலைப்பாடு பாதி விளங்கிவிடும். "அழகுற எடுத்தியம்புகிறார்" மட்டும் வேண்டாம்.

---

மழைவண்டு

அது நான்காம் இயலில் இருக்கிறது. இப்போதே போய் எடுக்கிறேன். நெறியாளரிடம் பழைய பத்தி, புதிய பத்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன், எதைச் சொன்னீர்கள் என்று இந்த முறை வரி வரியாகக் கேட்டுவிடலாம்.